நிலத்தில் கிடைக்கும் மணி, வளையல் துண்டு, காதணி: தேய்மானத்தைப் பார்த்து அடையாளம் காண்பது எப்படி

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் நத்தமேட்டுப் பக்கம், அதாவது முன்பு ஊர் இருந்த மேட்டுப் பக்கம், ஒரு நடை போய்ப் பாருங்கள். வட ஆற்காட்டில் (இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கம்) பல ஊர்களுக்கு இப்படி ஒரு மேடு உண்டு. இன்றைக்கு அங்கே வீடு வாசல் எதுவும் இருக்காது, வேர்க்கடலையோ கேழ்வரகோ போட்டிருப்பார்கள், ஆனால் கால் வைக்கிற இடமெல்லாம் பானை ஓடு கிடக்கும். மழை மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருந்தால் அந்த ஓடுகளுக்கு நடுவே மிளகளவில் ஒரு சிவப்பு மணி, வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு கண்ணாடி வளையல் துண்டு, நடுவில் ஓட்டை போட்ட சுடுமண் வட்டு என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

எங்கள் பெரியம்மாவுக்குக் குடியாத்தம் பக்கம் அப்படி ஒரு கொல்லை இருந்தது. கடலை பிடுங்கும்போது கிடைக்கிற மணியையெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். நான் கல்லூரி முடித்த வருஷம் அதை வாங்கி ஒரு வெள்ளை வேட்டியில் கொட்டிப் பிரித்துப் பார்த்தேன். சூதுபவளம் என்கிற சிவப்புக் கல் இருந்தது, படிகம் இருந்தது, கடுகளவு நீலக் கண்ணாடி மணிகள் இருந்தன, நடுவே பிளாஸ்டிக் பாசியும் இருந்தது. எது எந்தக் கொல்லையில் கிடைத்தது என்று கேட்டேன். "எல்லாம் நம்ம பக்கத்துலதான் கெடச்சுது கண்ணு, ஏரிக்கரையில பொறுக்கனதும் இருக்கும், பக்கத்து ஊர்ல குடுத்ததும் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அத்தனை மணியும் அழகு, ஆனால் அந்த ஊரைப் பற்றி அவற்றால் இனிமேல் ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமே அந்தப் பாட்டில்தான்.

பானையும் செங்கல்லும் வேறு, இந்தச் சின்னப் பொருள்கள் வேறு. இவை உடம்போடு இருந்தவை. தோல், நூல், துணி, பக்கத்து வளையல் இப்படி ஏதோ ஒன்று நாள்தோறும் இவற்றை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் ஒரு பொருள் கையில் வந்ததும் நிறத்தையோ விலையையோ யோசிக்காமல் எங்கே தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கழுத்தில் கிடந்ததா, காதில் தொங்கியதா, கையில் வேறு வளையல்களோடு சேர்த்துப் போட்டதா, இல்லை யாருமே போடாமல் செய்த இடத்திலேயே விழுந்துவிட்டதா என்பதைத் தேய்மானம் சொல்லிவிடும்.

கை வைக்கும் முன்

தோண்டாதீர்கள். குச்சியால் கிளறிப் பார்ப்பதும் தோண்டுவதுதான். மண்ணடுக்கு ஒருமுறை கலைந்தால் கலைந்ததுதான், யாராலும் திரும்ப அடுக்க முடியாது. உலோகம் தேடும் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மேடு மேடாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு போகாதீர்கள், அவர்களுக்கு இடமும் காட்டாதீர்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் மறைந்து கிடந்த மதிப்புள்ள எதுவும் புதையல்தான். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் உண்டு. பெயர்தான் புதையல், தங்கமாக இருக்க வேண்டியதில்லை. அப்புறம், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட பொருளை வாங்கி விற்பதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வேலூர்க் கோட்டை மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களில் தரையில் கிடக்கிற பானை ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. பார்த்ததை அங்கேயே இருக்கும் அலுவலரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் சொந்த நிலத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ கண்ணில் பட்டால்? இருந்த இடத்திலேயே வைத்து முதலில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. ஒரு ரூபாய்க் காசை வைக்க வேண்டாம், அதுவே காலத்துக்குக் காலம் வேறு வேறு அளவில் வந்திருக்கிறது. பத்தடி தள்ளி நின்று மரம், வரப்பு, பம்புசெட் தெரிகிற மாதிரி இன்னொரு படம். போனில் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரை குறியுங்கள், போன் சில மீட்டர் பிசகினாலும் பரவாயில்லை. அதுவே போதும். இதையெல்லாம் செய்த பிறகு, நாளைக்கு டிராக்டர் வரப்போகிறது, ரோடு போட ஜேசிபி நிற்கிறது என்ற நிலை இருந்தால் மட்டும் பொருளை எடுங்கள். அவசரமில்லை என்றால் அங்கேயே இருக்கட்டும், அது இத்தனை காலம் அங்கேதான் இருந்திருக்கிறது. இன்னொன்று, துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். படம் போடுங்கள், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மணி

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் கிடைப்பதும் அதிகம் ஏமாற்றுவதும் மணிதான்.

ஒரு பத்து மடங்கு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் கண்ணில் வைத்துக்கொள்கிற மாதிரி. மணியை விரலில் உருட்டாமல் ஒரு ஊதுவத்திக் குச்சியில் கோத்து வெயிலில் பிடியுங்கள். முதலில் ஓட்டையின் வாய். கல் மணியில் துளை பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் போடப்பட்டிருக்கும், நடுவில் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்னப் படி தெரியும், சிலசமயம் இரண்டும் கொஞ்சம் கோணலாகச் சந்தித்திருக்கும். இயந்திரத்தில் துளைத்த இன்றைய மணியில் துளை ஒரே அகலமாக நேராகப் போகும். இப்போது துளையின் விளிம்பைப் பாருங்கள். நூல் வருஷக்கணக்கில் அறுத்திருந்தால் விளிம்பு கூர்மை போய் வழுவழுப்பாக, உள்ளே சரிந்த மாதிரி இருக்கும். பதக்கமாகத் தொங்கியிருந்தால் துளையின் மேல்பக்கம் மட்டும் தேய்ந்து சாவித்துவாரம் போல நீண்டிருக்கும். மாலையில் நெருக்கமாகக் கோத்திருந்தால் பக்கத்து மணி உரசி இரண்டு முனையும் தட்டையாகியிருக்கும்.

விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் அதை யாரும் அதிகம் போடவில்லை. துளை பாதியில் நின்றிருந்தாலோ, துளையே இல்லாமல் கொத்தி உருட்டின நிலையில் இருந்தாலோ, மிகவும் கவனமாகக் குறித்து வையுங்கள். அது மணி செய்த இடமாக இருக்கலாம். அழகான முழு மணி நூறைவிட அந்த அரைகுறை மணி ஒன்று முக்கியம். ஈரோடு மாவட்டக் கொடுமணலில் கல் மணித் தொழில் நடந்தது என்று தெரிந்ததே இப்படிப்பட்ட செய்து முடிக்காத துண்டுகளாலும் கழிவுகளாலும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாலாற்று மணலில் உருண்டு வந்த மணியும் தேய்ந்துதான் இருக்கும். ஆனால் ஆறு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்க்கும், மங்கலாக. உடம்பு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தேய்க்கும், பளபளப்பாக. இந்த வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்ள வேண்டும். வீட்டில் அம்மாவின் பழைய பவள மாலை இருந்தால் அதையே பூதக்கண்ணாடியில் பாருங்கள், பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

சரி, என்ன பொருள் என்று எப்படிச் சொல்வது? சூதுபவளம் ஆரஞ்சு முதல் ஆழ்ந்த சிவப்பு வரை இருக்கும், வெயிலில் பிடித்தால் உள்ளே ஒளி ஊடுருவும், குமிழ் இருக்காது. அதில் சிலவற்றில் வெள்ளைக் கோடு வரைந்த மாதிரி இருக்கும். காரம் பூசிச் சுட்டுப் போட்ட கோடு அது, சுரண்டினால் போகாது, ஆனாலும் சுரண்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடி என்றால் உள்ளே காற்றுக் குமிழ் தெரியும். பிளாஸ்டிக்கை உதட்டில் வைத்தால் குளிர்ச்சி இருக்காது, கல்லும் கண்ணாடியும் சில்லென்று இருக்கும். தீயில் காட்டிச் சோதிப்பது வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி மணியில் குமிழ் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது பெரிய தடயம். துளைக்கு இணையாக நீளவாக்கில் குமிழும் கோடும் ஓடினால் அது இழுத்துச் செய்த மணி. துளையைச் சுற்றி ஓடினால் கம்பியில் சுற்றிச் செய்தது. நம் பக்கம் கிடைக்கிற கடுகு, மிளகு அளவு ஒரே நிற மணிகள் (செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு) பெரும்பாலும் இழுத்துச் செய்தவை. அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயர் வைத்தார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் இவை செய்யப்பட்டன, கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் போயின. இந்தத் தொழில் நம் காலம் வரைக்கும் உயிரோடு இருந்த இடம் திருப்பதி பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டை. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் அந்த வட்டாரமும் வட ஆற்காடுதான். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயில் சுற்றி, ஒரு பக்கத்திலிருந்து உள்ளே துளை இருக்கும்படி நூல் போல இழுத்துக்கொண்டே போவார்கள். அந்தக் கண்ணாடிக் குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கினால் கூர் முனைகள் மழுங்கி மணியாகிவிடும்.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஒரே முறையில் செய்த பொருளை வைத்துக் காலம் சொல்ல முடியாது என்பது. நீல மணி கிடைத்ததும் "சங்க கால மணி" என்று படம் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். மணிக்குப் பக்கத்தில் என்ன ஓடு கிடந்தது? உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடா, சொரசொரப்பான சாம்பல் நிற ஓடா, மங்களூர் ஓட்டுத் துண்டா? காலம் சொல்வது அந்த ஓடு. அதையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

வளையல்

முழுதாகக் கிடைக்காது. விரல் நுனி அளவு துண்டுதான் கிடைக்கும், அதுவே நிறையச் சொல்லும்.

சங்கு வளையலா கண்ணாடி வளையலா என்பது பார்த்ததுமே தெரியும். சங்கு வெள்ளையாக, பால் ஏடு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், அறுத்த பக்கத்தில் ரம்பம் போன இணைகோடுகள் தெரியும். எலும்பு என்றால் பூதக்கண்ணாடியில் நுண்துளைகள் தெரியும். வேலூரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். சங்கு வளையல் துண்டு ஒன்று கொல்லையில் கிடக்கிறது என்றால் யாரோ அதைக் கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கிறார்கள், இங்கே ஒரு பெண்ணோ பிள்ளையோ அதைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இது ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்க வைக்கிற விஷயம்.

கண்ணாடி வளையல் பழங்காலத்திலேயே உண்டு, ஆனாலும் பெருவாரியாகப் புழங்கியது இடைக்காலத்துக்கு அப்புறம்தான். கறுப்பு என்று தோன்றுகிற துண்டை வெயிலுக்கு நேரே பிடியுங்கள், பாதிக்குப் பாதி அது ஆழ்ந்த பச்சையாகவோ நீலமாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ மாறும். உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். பழைய முறையில் உருகிய கண்ணாடி உருண்டையைக் கம்பியில் துளைத்துச் சுழற்றி, மண் கூம்பில் ஏற்றி அகலப்படுத்துவார்கள். அதனால் உள்பக்கம் தட்டையாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், எங்கேயும் ஒட்டு இருக்காது. பிற்காலத்தில் ஆலைகளில் வந்த வளையலில் இரண்டு முனையைத் தீயில் ஒட்டிய இடம் ஒன்று தெரியும். உங்களிடம் இருப்பது துண்டு, ஆகவே ஒட்டு இல்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது. ஒட்டு இருந்தால் மட்டும் முடிவு சொல்லலாம்.

தேய்மானம் எங்கே? பக்கவாட்டில். கை நிறைய அடுக்கிப் போட்ட வளையலில் இரண்டு பக்கமும் பக்கத்து வளையல் உரசி மங்கலான பட்டை விழுந்திருக்கும். தனியாகப் போட்டதில் அது இருக்காது, வெளி வளைவில் மட்டும் சின்னச் சின்னக் கீறல் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பட்டை விழுந்திருந்தால் அடுக்கின் ஓரத்தில் கிடந்த வளையலாக இருக்கலாம்.

இனி அளவு. துண்டைத் தாளில் படுக்கவைத்து, கூர்மையான பென்சிலால் உள்வளைவை வரைந்துகொள்ளுங்கள். வளைவின் இரண்டு முனையையும் நேர்கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடு 30 மி.மீ., கோட்டின் நடுவிலிருந்து வளைவின் உச்சிக்கு 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 30-ஆல் பெருக்கினால் 900. உயரமான 4-ஐ நான்கு மடங்காக்கினால் 16. 900-ஐ 16-ஆல் வகுத்தால் 56.25, அதோடு உயரம் 4-ஐக் கூட்டினால் 60.25. இதுதான் உள்விட்டம். வளையல் கடையில் "ரெண்டே ஆறு" என்று கேட்கிறோமே, அது இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும், மில்லிமீட்டரில் 60.3. அதாவது அந்தத் துண்டைப் போட்டிருந்தவரின் கை, இன்று ரெண்டே ஆறு போடுகிற ஒரு பெண்ணின் கை மாதிரி. அளவு 45-க்குக் கீழே வந்தால் குழந்தை வளையல் என்று நினைக்கலாம். ஆனால் உயரத்தை அரை மில்லிமீட்டர் குறைத்து 3.5 என்று அளந்துவிட்டால் இதே துண்டுக்கு விட்டம் 67.8 வரும், அவ்வளவு வித்தியாசம். அதனால் மூன்று முறை வரைந்து, மூன்று முறை அளந்து பாருங்கள், இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டில் இந்தக் கணக்கே போடாதீர்கள்.

ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ ஒரே இடத்தில் வளையல் துண்டு குவியலாகக் கிடந்தால் அது குடியிருப்பாக இருக்க வேண்டியதில்லை. கணவன் இறந்தால் கருமாதியில் நீர்க்கரையில் வைத்து வளையலை உடைக்கிற வழக்கம் நம் பக்கம் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் படம் எடுத்து எழுதி வையுங்கள், பொறுக்காதீர்கள். அங்கே நின்ற பெண்களின் பேத்திகள் ஊரில் இருப்பார்கள்.

காதில் போட்டது

சுடுமண்ணில் வட்டமாக ஏதாவது கிடைத்தால் எல்லோரும் காதணி என்பார்கள், இல்லையென்றால் தக்களி என்பார்கள். பிரித்துப் பார்க்கலாம். நடுவில் நேரான துளை, சுற்றிலும் சம கனம், குச்சி நுழைகிற அகலம் இருந்தால் நூல் நூற்கிற தக்களியின் வட்டு. பானை ஓட்டையே உடைத்து ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கியது என்றால் (ஒரு பக்கம் பானையின் வளைவு இன்னும் இருக்கும்) அது பிள்ளைகள் விளையாடிய சில்லு. துளைக்கு வெளியே குமிழ் மாதிரி புடைப்பு இருந்தால் பொம்மை வண்டிச் சக்கரம். காதணி வேறு மாதிரி: கிணற்று ராட்டினத்தைப் போல ஓரம் முழுக்க உள்வாங்கிப் பள்ளமாக இருக்கும், காதின் தொங்கு சதை உட்காருவதற்கான பள்ளம் அது. நடுத்துளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தேய்மானம் அந்தப் பள்ளத்தில்தான் இருக்க வேண்டும், எண்ணெயும் வியர்வையும் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் மழுமழுவென்று இருக்கும், இரண்டு முகமும் சொரசொரப்பாகவே நிற்கும். தக்களியில் இது தலைகீழ், துளைக்குள்தான் தேய்மானம்.

இதை எப்படிப் போட்டுக்கொண்டார்கள் என்று பார்க்க ஆசையா? செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். பல்லவர் காலத்து எழுத்தோடு நிற்கிற கற்களில் வீரன் கொண்டை போட்டு, இடுப்பில் கச்சை கட்டி நிற்பான். காதைத் தனியாகக் கவனியுங்கள். விஜயநகரக் காலத்துக்கு வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள் போதும். கழுத்தில் எத்தனை சரம், தோளில் என்ன, கணுக்காலில் என்ன என்று தூண் தூணாக வரைந்து எடுத்துக்கொண்டு வந்தால் அதுவே உங்களுக்குக் கையேடு. சிற்பி மிகைப்படுத்துவார் என்பதையும் மனதில் வையுங்கள்.

செம்பு, வெள்ளி, ஈயம்

விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டு முனையும் லேசாகத் தடித்த செப்புக் குச்சி கிடைத்தால் ஆணி என்று எறிந்துவிடாதீர்கள். கண்ணுக்கு மை தீட்டுகிற அஞ்சனக்கோலாக இருக்கலாம். ஆணிக்குக் கூர்முனை இருக்கும், இதற்கு இருக்காது. மோதிரமும் மெட்டியும் குழப்பும். மெட்டி தரையில் உரசியதால் அடிப்பக்கம் மெலிந்திருக்கும், பெரும்பாலும் வாய் திறந்திருக்கும், அதாவது அகட்டிப் போடுகிற மாதிரி. திருகாணி உள்ள காதணி என்றால் மிகப் பழையது அல்ல. குழல் மாதிரி உருட்டிய தகடு தாயத்தாக இருக்கலாம், உள்ளே ஏதாவது இருக்கக்கூடும், பிரிக்காதீர்கள். கொலுசுப் பரலா மாட்டுச் சலங்கையா என்பது பெரும்பாலும் அளவை வைத்துத் தெரிந்துவிடும்.

கோட்டையும் பாளையமும் இருந்த ஊர்களில்: பொத்தான்

வேலூர், ஆற்காடு, இராணிப்பேட்டை, ஆம்பூர், வந்தவாசி ஆகிய ஊர்களில் படைகள் வந்து போயிருக்கின்றன. 1749-இல் ஆம்பூர்ப் போர், 1751-இல் ஆற்காட்டு முற்றுகை, 1760-இல் வந்தவாசிப் போர். ஆகவே இந்தப் பக்கத்து நிலங்களில் உலோகப் பொத்தானும் பெல்ட் கொக்கியும் கிடைக்க வாய்ப்பு உண்டு. பொத்தானைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஒரே தகடாக, பின்னால் கம்பிக் காது வைத்தது பழைய வகை. இரண்டு தகடு சேர்த்து உள்ளே வெற்றிடமாக இருப்பது அதற்குப் பிந்தியது. முகப்பில் எண் இருந்தால் பிரிட்டிஷ் ராணுவ ரெஜிமெண்ட் எண்ணாக இருக்கலாம், 1767-க்குப் பிறகு அந்த ராணுவத்தினரின் பொத்தானில் எண் போட ஆரம்பித்தார்கள். சிங்கம் கிரீடத்தைப் பிடித்திருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி. கிரீடம் மட்டும் என்றால் பிரிட்டிஷ் அரசு, நான்கு சிங்கம் என்றால் 1950-க்குப் பிறகு. தேய்மானம் பின்பக்கக் காதில்: நூல் அறுத்த இடத்தில் கம்பி மெலிந்திருக்கும்.

1806 வேலூரில் நடந்ததை இந்தக் கண்ணோடு படியுங்கள். சீருடையில் இருக்கும்போது சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி போடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். அப்போது கோட்டையில் இருந்த வெள்ளையர் படை 69-ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகள். காதில் கிடந்த கடுக்கனைக் கழற்று என்பதும் அந்த எழுச்சிக்கான காரணங்களில் ஒன்று. காதணி சின்னப் பொருள்தான், ஆனால் அதைப் போட்டிருந்தவனுக்கு அது யார் என்று சொல்கிற பொருள். ஒரு கடுக்கனையோ பொத்தானையோ குறித்து வைக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் அலட்சியம் வராது.

சுத்தம் செய்வது, வைப்பது

கூடுமானவரை செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி, விபூதி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது ஒரு செப்பு மோதிரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன், பச்சைக் களிம்போடு மேலே இருந்த கோட்டு வேலைப்பாடும் போய்விட்டது. களிம்புக்குள்தான் அந்த வடிவம் இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். நன்றாகச் சுட்ட மண் பொருளையும் கல் மணியையும் மட்டும் சாதாரணத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி நிழலில் உலர்த்தலாம். துளைக்குள் அடைத்த மண்ணை அப்படியே விடுங்கள், அதில் நூலின் இழை இருக்கலாம். பழைய கண்ணாடியில் வானவில் நிறத்தில் மெல்லிய தோல் உரிகிற மாதிரி இருந்தால் உரிக்காதீர்கள், அது அழுக்கல்ல, கண்ணாடியேதான்.

செம்பில் வெளிர் பச்சை மாவு பூத்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது என்று பொருள். ஈரம் படாமல் தனியே வையுங்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ வேலையில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள், பெட்டிக்குள் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு வாங்கி டப்பாவில் போட்டால் போதும். ஈயத்தையும் சங்கையும் மரப்பெட்டியில் வைக்க வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி இரண்டையும் தின்னும். ஈயத்தைத் தொட்டால் கை கழுவுங்கள். ஒரு கவருக்கு ஒரு பொருள், கவருக்குள் ஒரு சீட்டு, கவருக்கு மேலேயும் அதே எண்.

நோட்டில் எழுதுவது

என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்: "எண் 14. மணி, சூதுபவளம், பீப்பாய் வடிவம். துளை வழியே நீளம் 9 மி.மீ., குறுக்கே 6. துளை இருபக்கமும் போட்டது, நடுவில் படி. ஒரு வாய் வழுவழுப்பு, மறு வாய் கூர்மை, சின்னச் சில்லு பெயர்ந்திருக்கிறது. இரண்டு முனையும் தட்டையாகத் தேயவில்லை. நத்தமேட்டின் தென்சரிவில், வேப்பமரத்திலிருந்து கிழக்கே 22 அடி. பக்கத்தில் கறுப்பு-சிவப்பு ஓடு 3, சொரசொரப்பு ஓடு 1. மழைக்கு மறுநாள். உழுத நிலம்." ஒரு வாய் மட்டும் தேய்ந்திருப்பதால், நூலில் முடிச்சுப் போட்டு ஒற்றையாகத் தொங்கவிட்ட மணியோ என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். பார்த்ததைப் பேனாவிலும் யூகத்தைப் பென்சிலிலும் எழுதுவது என் வழக்கம், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் அகழ்ந்தது, வேலூர் பக்கத்து அப்புக்கல்லுவில் சென்னைப் பல்கலைக்கழகம் 1970-களில் அகழ்ந்தது. புதிய கற்காலத்திலிருந்தே இந்த மண்ணில் ஆட்கள் இருந்தார்கள் என்று இவற்றால் தெரிகிறது. தோண்டாத மேடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன, அவற்றைப் பற்றி முதல் சேதி சொல்லப்போவது நிலத்துக்காரர்களும் ஆடு மேய்க்கிறவர்களும்தான். மேட்டை யாராவது வெட்டுகிறார்கள் என்றால் அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் சொல்லுங்கள். பொருளை எடுத்திருந்தால் நோட்டின் நகல், படங்கள், கவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்து மூலம் கொடுங்கள், மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு, வேலூர்க் கோட்டை வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியருக்கு ஒரு பிரதி. கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதன் எண்ணை நோட்டில் அந்தப் பொருளின் குறிப்புக்கு நேரே எழுதிவிடுங்கள்.